பெங்களூர் எச்ஏஎல் மியூசியத்துல எதை நின்னு பாக்கணும்?

மாங்காமண்டி (கிருஷ்ணகிரி):
பையன் எட்டாவது படிக்கிறான், பிளேன் பைத்தியம். போன வருசம் பழைய ஏர்போர்ட் ரோட்டுல இருக்கிற, பிளேன் செய்யற எச்ஏஎல் கம்பெனியோட மியூசியத்துக்கு கூட்டினு போனேன், வெளிய நிக்கிற பிளேன் முன்னாடி எல்லாம் போட்டோ எடுத்துனு ஒரு மணி நேரத்துல வந்துட்டோம், எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் தெரிஞ்சுது. "இது ஏம்பா இங்க நிக்குது"ன்னு அவன் கேட்டதுக்கு பதில் இல்ல. திரும்ப போறோம், எத பாக்கணும் சொல்லுங்க.

பழைய ஏர்மேன் (தருமபுரி):
தம்பி, முன்னாடி நின்னு பாத்தா எல்லாம் ஒன்னுதான், பின்னாடி போங்க. மிக்-21க்கு என்ஜின் புகை வர்ற குழாய் ஒன்னுதான், எச்ஏஎல்லே செஞ்ச மருத்ன்ற சண்ட பிளேனுக்கு ரெண்டு. அந்த ரெண்டு குழாய்லதான் கதையே இருக்கு. ரெண்டாம் உலகப்போர்ல ஜெர்மனிக்கு ஃபோக்-வுல்ஃப் 190ன்ற சண்ட பிளேன டிசைன் பண்ணி குடுத்த குர்ட் டேங்க்ன்றவரு இங்க வந்து டிசைன் பண்ணது, 1961 ஜூன் 17 முதல்ல பறந்துச்சு. ஒலிய விட ரெண்டு மடங்கு வேகம்னு கணக்கு போட்டாங்க. ஆனா அவரு நம்பி இருந்த ஆர்ஃபியஸ் 12 என்ஜின பிரிட்டிஷ்காரன் பாதில கைவிட்டான், அதனால சக்தி கம்மியான ஆர்ஃபியஸ் 703ஐ மாட்டி ஓட்டுனாங்க, ஒலி வேகத்த தொடவே திணறும். லாரி பாடிக்கு ஆட்டோ என்ஜின் மாதிரின்னு வச்சுக்கங்க. அப்பவும் 147 செஞ்சாங்க.

ஓசூர்காரன்:
1971 சண்டைல ராஜஸ்தான் லோங்கேவாலால பாகிஸ்தான் டாங்கிய அடிச்சு நொறுக்குனது மருத் தானேண்ணா, அத விட்டுட்டீங்க?

பழைய ஏர்மேன் (தருமபுரி):
இல்லப்பா, பாதி பேரு இப்படித்தான் சொல்லினு இருக்காங்க. அங்க முக்கியமா அடிச்சது ஜெய்சல்மர்ல இருந்து போன ஹண்டர்ன்ற வேற சண்ட பிளேன். மருத்தும் 1971 சண்டைல பறந்துச்சு, அது ராஜஸ்தான்லயே உத்தர்லாய் விமான தளத்துல இருந்து.

ஓசூர்காரன்:
சரிண்ணா, தப்பு என்னுதுதான். மாங்காமண்டி அண்ணா, லக்ஷ்யாவ விட்டுறாதீங்க, சின்னதா இருக்கும், யாரும் கண்டுக்க மாட்டாங்க. ஆளே இல்லாம பறக்கும், அதுக்கு வேலையே நம்ம ஆளுங்க சுட்டு பழகறதுக்கு குறியா போறதுதான், முடிஞ்சதும் பாராசூட்ல எறங்கிரும். பசங்களுக்கு இத சொன்னா ரெக்கை மொளச்சிரும். அப்புறம் கேன்பெரான்ற குண்டு போடுற பிளேனுக்கு என்ஜின் ரெக்கைக்குள்ளயே இருக்கும், 2007 வரைக்கும் பறந்த கிழவன் அது. வழி கேக்கல, இருந்தாலும் சொல்றேன், சில்க் போர்டு பக்கம் காலைல 9 மணிக்கு டிராபிக்ல மாட்டுனா அன்னிக்கு மியூசியம் அவ்ளோதான்.

மாங்காமண்டி (கிருஷ்ணகிரி):
ரொம்ப நன்றிங்க. பையனுக்கு படிச்சு காட்டுனேன், "அப்ப வேற நல்ல என்ஜின் வாங்கி போட வேண்டியதுதானே"ன்றான். என்ன சொல்ல?

பழைய ஏர்மேன் (தருமபுரி):
நல்லா கேட்டான். போட பாத்தாங்கப்பா. எகிப்துக்காரன் ஒரு என்ஜின் செஞ்சுனு இருந்தான், ஒரு மருத்த அங்கயே அனுப்பி அத மாட்டி 1967ல பறக்க விட்டு பாத்தாங்க. அதுவும் கைகூடல.