உள்ளங்கையில் ஒரு பிடி குஃப்: கேஸ் கிணற்று அனுபவங்கள்

தூத்துக்குடி மட்லாகர்:

கேஸ் கிணறு என்றால் ஊரில் எல்லோருக்கும் தீப்பிழம்புதான் நினைவுக்கு வருகிறது. நான் பார்த்ததெல்லாம் ஈரப் பொடி. கத்தாருக்கு வடகிழக்கே, நார்த் ஃபீல்ட் என்ற கேஸ் வயலில், கடலடியில் கால் ஊன்றி நிற்கும் ஒரு துளையிடும் மேடையில் (ஜாக்-அப் ரிக்) மட் லாகராக, அதாவது கிணற்றிலிருந்து வரும் கல்லைச் சோதிப்பவனாக இருந்தேன். 28 நாள் கடல், 28 நாள் வீடு. ஈரான் பக்கம் அதே வயலுக்கு சவுத் பார்ஸ் என்று பெயர். இரண்டும் சேர்ந்து சுமார் 9,700 சதுர கி.மீ. இதைவிடப் பெரிய கேஸ் வயல் உலகத்தில் இல்லை.

டிரில் பிட் நொறுக்கிய கல், கிணற்றுக்குள் சுற்றவிடும் சேற்றோடு மேலே வந்து ஷேல் ஷேக்கர் என்ற அதிரும் சல்லடையில் விழும். அதை அள்ளி, சல்லடையில் கழுவி, மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்து, ஒரு சொட்டு ஹைட்ரோகுளோரிக் ஆசிட் விட வேண்டும். சுண்ணாம்புக்கல் என்றால் சோடா மாதிரி பொங்கும். மக்னீசியம் கலந்த டோலமைட் யோசித்து யோசித்துக் குமிழி விடும். கால்சியம் சல்பேட் கல்லான அன்ஹைட்ரைட் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. அங்கே நான் செய்த ஆராய்ச்சி இவ்வளவுதான்.

ஒரு ராத்திரி மட்டும் மறக்கவே மறக்காது. சுதைர் என்கிற ஷேல் (களிமண் இறுகிய பாறை) அடுக்கில் தோண்டிக்கொண்டிருந்தோம். அதற்குக் கீழேதான் குஃப், கேஸ் இருக்கும் பாறை. குஃப்பின் தலையைத் தொட்டதும் நிறுத்தி, கேசிங் என்ற எஃகுக் குழாயை இறக்கி, சிமென்ட் போட்ட பிறகுதான் உள்ளே போக வேண்டும். முன்னாலேயே நிறுத்தினால் நொறுங்கும் ஷேல் மூடாமல் கிடக்கும், தாண்டிப் போய்விட்டால் கேஸ் அழுத்தத்தைத் தயாராகாமல் சந்திக்க வேண்டும். பிட்டின் வேகம் சட்டென்று மாறியது. ஜியாலஜிஸ்ட் நிறுத்தச் சொல்லிவிட்டார். ஆனால் அடியில் உடைந்த கல் மேலே வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை ரிக்கே என் சல்லடையைப் பார்த்துக்கொண்டு நின்றது. கம்பெனி மேன் (கிணற்றுக்குச் சொந்தக்காரக் கம்பெனியின் ஆள்) மூன்று தடவை வந்து எட்டிப் பார்த்தார். கடைசியில் செம்மண் நிற ஷேலுக்கு நடுவில் வெள்ளைச் சீனிக்கல் மாதிரி அன்ஹைட்ரைட். ஆசிட் விட்டேன். அசையவில்லை. "வந்துட்டோம் சார்" என்றேன். என் குரலே எனக்கு அந்நியமாகக் கேட்டது.

குஃப்பின் வயது சுமார் 25 கோடி வருடம். ஆழமில்லாத, வெதுவெதுப்பான கடலில் படிந்த சுண்ணாம்பு, பிறகு பெரும்பகுதி டோலமைட்டாக மாறியது. பூமியில் உயிர்கள் பெரும்பாலும் அழிந்துபோன பெர்மியன் முடிவுக் காலம் இந்த அடுக்குக்கு நடுவில்தான் வருகிறது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3 கி.மீ. கீழே அதையும் பிட் கடந்துபோகும். நமக்கு அதுவும் இன்னொரு சாம்பிள் பைதான்.

ஒரு நல்ல கிணறு நாளொன்றுக்கு 10 கோடி கன அடி தரும். எரிசக்திக் கணக்கில் நம் வீட்டு 14.2 கிலோ சிலிண்டர் ஏறத்தாழ ஒன்றரை லட்சம். காரணம், பாறைக்குள் துளையும் உண்டு, துளைகளுக்கு நடுவே வழியும் உண்டு. கிணறு முடிந்ததும் ஆசிட் செலுத்தி அந்த வழியை இன்னும் அகலமாக்குவார்கள். நான் சொட்டுச் சொட்டாக விட்டதை அவர்கள் டாங்க் கணக்கில் விடுகிறார்கள்! மேலே சுதைர் மூடியாக உட்கார்ந்திருப்பதால் கேஸ் எங்கும் ஓடிவிடவில்லை. 1971-ல் ஷெல் இதைக் கண்டுபிடித்தும், 1991 வரை கத்தார் பக்கம் உற்பத்தி தொடங்கவில்லை.

ராஸ் லஃபான் ஆபரேட்டர்:

அண்ணே, நீங்கள் கீழே பார்த்த அன்ஹைட்ரைட், கத்தார் கரையில் ராஸ் லஃபான் கேஸ் ஆலையில் இருக்கும் எங்களை மேலே படுத்துகிறது. அதிலுள்ள சல்பேட்டும் கேஸும் அந்த ஆழத்துச் சூட்டில் வினைபுரிந்துதான் ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு வருகிறது. பத்து பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் பத்து பங்கு) போனாலே அலாரம் கத்தும். காற்றின் திசை காட்டும் துணிப்பையைப் பார்த்து, காற்று வரும் திசையை நோக்கி ஓட வேண்டும். அழுகிய முட்டை வாசனை வந்தால் எச்சரிக்கையாவது கிடைக்கும். 100 பிபிஎம் தாண்டினால் மூக்கே மரத்துப்போய் வாசனை தெரியாது. புதிதாக வரும் பையன்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

இன்னொரு தொல்லை, முகமூடி முகத்தோடு ஒட்ட வேண்டும் என்பதால் தாடி கூடாது. சபரிமலைக்கு மாலை போட்ட வருடம் முழுக்க லீவுக் கணக்குப் பார்த்தே தலை நரைத்தது.

ஒல்லாந்திலிருந்து:

நான் துளையிடுகிற ஆள் இல்லை, மேலே குடியிருந்தவன். 2012 ஆகஸ்ட் 16, இரவு பத்தரை மணி இருக்கும். க்ரோனிங்கன் நகரில் என் அறையில் மேசைமேல் வைத்திருந்த கோப்பை நடுங்கியது. கனரக வாகனம் ஏதோ போகிறது என்று நினைத்தேன். ஹெய்சிங்க என்ற கிராமத்தில் 3.6 அளவு நிலநடுக்கம் என்று பிறகுதான் தெரிந்தது. சிறிய எண்தான், ஆனால் நடுங்கியது ஆழத்தில் இல்லை, வெறும் 3 கி.மீ. கீழே. அந்தப் பக்கத்துச் செங்கல் வீடுகள் நிலநடுக்கத்தை நினைத்துக் கட்டியவை அல்ல.

நடுக்கத்துக்குக் காரணம், 1959-ல் ஸ்லோக்டெரன் பக்கத்தில் ஒரு சுகர்பீட் வயலோரம் கண்டுபிடித்த கேஸ். பாறை ரோட்லீகெண்ட், பாலைவன மணல் இறுகிய மணற்கல். மேலே தடித்த உப்பு மூடி. கேஸ் வந்தது அடியில் இருக்கும் பழைய நிலக்கரியிலிருந்து. அருமையான பாறை என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் கேஸ் குறையக் குறைய மணற்கல் அமுங்கியது. வயலின் நடுவில் நிலம் 30 செ.மீ.க்கு மேல் தாழ்ந்துவிட்டது. பழைய பிளவுகளும் வழுக்கத் தொடங்கின. 2023 அக்டோபர் 1-ல் உற்பத்தியை நிறுத்தினார்கள். எங்கள் வீட்டு அடுப்பு இன்னும் அந்தக் கேஸுக்கு ஏற்றதுதான், அதில் 14 சதவீதம் நைட்ரஜன். இப்போது வெளியிலிருந்து வரும் கேஸில் நைட்ரஜனைக் கலந்து அனுப்புகிறார்கள்.

பென்சில்வேனியா பையன்:

மட்லாகர் அண்ணன் மூடி என்று சொன்ன ஷேல்தான் இங்கே எங்களுக்குக் கேஸே தருகிறது. மார்செலஸ், 39 கோடி வருடக் கறுப்புப் பாறை. வழியே இல்லாத பாறை என்பதால் கிடைமட்டமாக இரண்டு மூன்று கி.மீ. போய், தண்ணீரும் மணலும் அழுத்தி விரிசல் போடுகிறோம், அதுதான் ஃப்ராக்கிங். ஆரம்பத்தில் பிரமாதமாகக் கொட்டும், முதல் வருடத்திலேயே பாதிக்கு மேல் விழுந்துவிடும். குஃப் கிணறு மாதிரி நிதானமாகத் தராது.

நியூயார்க் மாநிலத்தில் மார்செலஸ் என்றே ஓர் ஊர் உண்டு, பாறைக்குப் பெயர் அங்கிருந்துதான். (அந்த மாநிலத்தில் ஃப்ராக்கிங் தடை என்பது வேறு கதை.) போன கோடையில் அந்தப் பக்கம் ரோட்டோரத்தில் கறுப்பு ஷேலைப் பார்த்து, காரை நிறுத்தி ஒரு துண்டை உடைத்தேன். மனைவி மோந்து பார்த்துவிட்டு, "பாட்டி வீட்டு மண்ணெண்ணெய் ஸ்டவ் வாசனைங்க" என்றாள்.

தூத்துக்குடி மட்லாகர்:

தம்பி, பொறாமையாக இருக்கிறது. வருடக்கணக்கில் பொடியாகவே தொட்ட குஃப்பை முழுப் பாறையாக நான் பார்த்ததே இல்லை. சவூதியில் ரியாத்துக்கு மேற்கே அது தரைக்கு மேலே தெரிகிறது, ஐன் குஃப் என்ற இடத்தை வைத்துத்தான் பெயரே. ரியாத்தில் இருக்கிற யாராவது வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் போனால் ஒரு படம் எடுத்துப் போடுங்கள். கையோடு கொஞ்சம் ஆசிட் கொண்டுபோய் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, எப்படிப் பொங்கியது என்றும் எழுதுங்கள்.