சாண்ட் பிளாஸ்டிங் செய்த இரும்பில் மறுநாளே துரு

கேள்வி (எண்ணூர்):
கடற்காற்று வீசும் எங்கள் பட்டறையில், மாலையில் சாண்ட் பிளாஸ்டிங் (அழுத்தக் காற்றில் மணலை வீசித் துருவை நீக்குவது) முடித்துப் பளபளத்த தகட்டைக் காலையில் தொட்டால் விரலில் செம்பொடி ஒட்டுகிறது. என்ன செய்யலாம்?

பதில் (மணலி):
ஐயா, படிந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கிறது. பிளாஸ்டிங்குக்கு முன்பே நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால், குழிகளுக்குள் உப்பு தங்கிவிடும். தகட்டின் வெப்பம் பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 3 டிகிரி செல்சியஸாவது கூடுதலாக இருக்கும்போது, அன்றே பிரைமர் (அடிப்பூச்சு) பூசிவிடுங்கள். இரவு தாண்ட விடாதீர்கள்.

பதில் (தண்டையார்பேட்டை):
அமெரிக்கரான டில்மன் 1870இல் காப்புரிமை பெற்ற அருமையான முறை இது. ஆனால் ஆற்று மணலின் சிலிக்காத் தூள் நுரையீரலைக் கெடுக்கும் என்பதால், கார்னெட் (ஒருவகைக் கனிமத் துகள்) அல்லது ஸ்டீல் கிரிட்டுக்கு (கூரான எஃகுத் துகள்) மாறுங்கள். பணியாளருக்குக் காற்றுக்குழாய் பொருத்திய தலைக்கவசம் கட்டாயம் கொடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. மணல்தான் பயன்படுத்தி வந்தோம், இன்றே நிறுத்துகிறேன்.