சக்கை மேட்டுக்குத் தண்ணீர் எதற்கு? தீக்கா, நாருக்கா?

கூழ்க்காரன்:
"காகிதபுரம் யார்டில் கரும்புச் சக்கை மேல் தண்ணீர் விடுவதே தீப்பிடிக்காமல் இருக்கத்தான்" என்று பாய்லர் மணி அடித்து விட்டிருக்கிறார். அதற்கு லைக் வேறு. கரும்புச் சக்கையின் நாரைக் கூழாக்கித் தாள் செய்யும் கரூர்ப் பக்கத்து ஆலை அது; 1984-ல் உற்பத்தி தொடங்கியது. அன்றிலிருந்து தீயணைப்பு வேலையா பார்க்கிறார்கள் அங்கே?

சர்க்கரை ஆலை அரைப்பது வருஷத்தில் சில மாதம். பேப்பர் மிஷின் வருஷம் முழுக்க ஓட வேண்டும். அதுவரை சக்கை கெடாமல் கிடக்கணும். அரவையிலிருந்து வரும்போது அதில் பாதி ஈரம், நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு சர்க்கரை. சும்மா குவித்தால் ஈஸ்ட் புகுந்து புளிக்கும், சூடேறும், நார் பழுப்பேறி வலு போகும். தண்ணீரைச் சுற்றிச் சுற்றி விட்டு, ஈரத்தை எண்பது சதம் வாக்கில் பிடித்து, டோசர் ஏற்றி அமுக்கினால் உள்ளே காற்று நிற்காது. லாக்டிக் அமிலம் ஊறும், பூஞ்சை அண்டாது. ஊறுகாய்க் கணக்குதான். நாருக்காக ஐயா, நாருக்காக.

பாய்லர் மணி:
சூடேறும் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், நன்றி. சூடேறினால் அடுத்து என்ன? தீ. ஈர மேடு போடாமல், சக்கையைப் பேலாக (இறுக்கிய பொதியாக)க் கட்டி அடுக்கும் ஆலைகளில் பேலுக்குப் பேல் சந்து விடுவார்களே, எதற்கு? உள்சூடு வெளியேற. நான் சொன்னதும் அதுதான்.

கூழ்க்காரன்:
சந்து விடுவது பேல் காய்வதற்கு. ஐம்பது சதத்தில் இருக்கும் ஈரம் இருபதுக்குக் கீழே இறங்கணும். இறங்குவதற்குள் சர்க்கரை சாராயமாகி, சாராயம் புளிக்காடியாகி, நடுப்பேல் கறுத்துப் போகும். கறுத்த பேலை வேக வைத்தால் கூழும் குறையும், வெளுக்கவும் கூடுதல் கெமிக்கல் கேட்கும். தீயே வராவிட்டாலும் இந்த நஷ்டம் உண்டு. புரிகிறதா, நாருக்காக.

யார்டு கேங்:
ரெண்டு பேரும் பேல் சுமந்தவனை மறந்துட்டீங்க. பூஞ்சை பிடிச்ச காய்ந்த பேலை உடைச்சா வர்ற தூசியால பிடிக்கிற நுரையீரல் நோய்தான் பகாசோசிஸ். தூசியில் நின்ற சில மணி நேரம் கழிச்சுக் காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சிரைப்பு. டிபின்னு நினைச்சு அதுக்கு மருந்து கொடுத்தா எப்படிக் கேட்கும்? காரணம் சூடான சக்கையில் வளர்ற நுண்ணுயிரோட வித்து. அதுக்குத்தான் பேல் கட்டும்போதே புரோப்பியானிக் அமிலம் தெளிக்கிற வழக்கம் வந்துச்சு. ஈர மேட்டில் தூசியே கிளம்பாது. தண்ணி மனுஷனுக்குங்க.

கூழ்க்காரன்:
அது பலன், காரணமல்ல. தொழிலாளி நுரையீரலுக்காக எந்த நிர்வாகம் பம்பு வாங்கியது? கணக்குப் போட்டது நாருக்கு.

வழிப்போக்கன்:
மேட்டை ஈரமாகவே கட்டுவது வேறு, கட்டிய மேட்டின் மேல் தண்ணீர் தெளிப்பது வேறு. எதைப் பற்றிச் சண்டை?

பாய்லர் மணி:
தீயைப் பற்றி. காய்ந்த சக்கைக்கு ஒரு பொறி போதும்.

செந்தமிழ்:
"பேல்", "டோசர்", "பம்பு". தமிழில் எழுத ஆளே இல்லையா? அடுத்து, சக்கைக்குள் இருக்கும் பஞ்சு போன்ற பகுதியைப் "பித்" என்பீர்கள். அது சோறு. கற்றாழைச் சோறு என்பதில்லையா?

கூழ்க்காரன்:
சரி, சோறு. பெயர் வைக்கிறவர் அது என்ன செய்யும் என்றும் தெரிந்துகொள்ளட்டும். உலர்ந்த எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சோறு. நாரை வேக வைக்க ஊற்றும் காஸ்டிக் சோடாவைப் பஞ்சு மாதிரி குடிக்கும். கூழ் தாளாகப் படியும் வலையில் (வயர்) தண்ணீர் வடியாது, தாளைப் பிழியும் பிரஸ் ரோலில் தாள் ஒட்டும், அறுந்தால் மிஷின் நிற்கும். அதனால்தான் இரண்டு தடவை பிரிப்பது: சர்க்கரை ஆலையில் சுத்தியல் சுழலும் டிபித்தரில் ஒரு தரம், நாரை வேக வைக்கும் டைஜெஸ்டருக்குப் போகுமுன் தண்ணீரோடு அடித்து இன்னொரு தரம். சோறு நீங்கிவிட்டால் நார் வேகப் பத்துப் பதினைந்து நிமிஷம் போதும். மரச்சில்லு மணிக்கணக்கில் வேகும்.

பாய்லர் மணி:
பிரித்த சோறு எங்கே போகிறது? பாய்லருக்கு. எரிகிறது! எரியாத பொருளையா பாய்லரில் போடுகிறார்கள்?

கூழ்க்காரன்:
பேப்பர் ஆலையின் சுண்ணாம்புச் சூளையில் ஃபர்னஸ் ஆயில் மட்டும்தான் எரியும் என்று போன தடவை சாதித்தவர்தானே நீங்கள்? சக்கை கழுவிய தண்ணீரிலிருந்து மீத்தேன் எடுத்து அதே சூளையில் எரிப்பதைக் காட்டிய பிறகு பதினைந்து நாள் ஆளையே காணோம்.

புனலூரான்:
காகிதபுரம் நேற்று வந்த ஆலை. கேரளத்துப் புனலூர்ப் பேப்பர் ஆலை 1888. ஈற்றையில் (மூங்கில் மாதிரி ஒரு நாணல்) தாள் செய்தவர்களுக்குச் சக்கையும் வேண்டாம், உங்கள் மேடும் வேண்டாம்.

யார்டு கேங்:
ஈற்றை வெட்டி ஆத்துல மிதக்க விட்டவனுக்கு என்ன கூலின்னு அதையும் சேர்த்துச் சொல்லுங்க பார்ப்போம்.

புனலூரான்:
இந்த விவாதம் கூலியைப் பற்றியதல்ல.

யார்டு கேங்:
எப்பவுமே இல்லைங்களே.

கூழ்க்காரன்:
எல்லோரும் கவனிக்க: மேட்டுக்கு அடியில் கான்கிரீட் தளம், சரிவு, வாய்க்கால். வடிகிற தண்ணீர் pH நாலு வாக்கில் புளித்துத்தான் வரும். அதைப் பிடித்துத் திரும்ப மேலே ஏற்றுகிறார்கள். தீயணைக்க யாராவது புளித்த தண்ணீரைத் தேடிப் போவார்களா? நாருக்காக.

பாய்லர் மணி:
ஒரே கேள்வி. யார்டைச் சுற்றி ஹைட்ரண்ட், அதாவது தீயணைப்புக் குழாய், எதற்கு?

கூழ்க்காரன்:
கேன்டீன் பக்கமும்தான் வைப்பார்கள். சாம்பார் தீப்பிடிக்குமா?

பாய்லர் மணி:
கேள்விக்குப் பதில் வரவில்லை. தீ.