மனைவிக்குக் கனடா ஸ்பொன்சர்: எழுத்து நடந்த தேதியா, தாலி கட்டின தேதியா?

ஸ்காபரோப்பொடியன்:
வணக்கம். நான் கனடா சிற்றிசன், ஒன்ராறியோவில இருக்கிறன். மனிசி யாழ்ப்பாணத்தில. பேச்சுக்கலியாணம். 2024 மாசியில எழுத்து (பதிவாளர் முன்னால சட்டப்படிப் பதிவு), 2025 ஆவணியில கோயில்ல தாலி கட்டு. கனடாக் குடிவரவுத் துறையின்ர ஐஎம்எம் படிவங்களில எந்தத் தேதியைப் போடுறது? அவா 2017இல இருந்து 2020 வரைக்கும் சென்னையில படிச்சவா. எனக்கு இப்ப பகுதிநேர வேலைதான். வங்கியில பெரிய தொகை காட்டோணும் எண்டு ஒராள் சொல்லுறார். விசிற்றர் விசாவில கூப்பிட்டு இங்க வைச்சே போடு எண்டு இன்னொராள். எதைக் கேக்கிறது?

வடலி:
பதிவாளர் முன் கையெழுத்து வைத்த அன்றே நீங்கள் சட்டப்படி கணவன் மனைவி. ஆகவே 'திருமணத் தேதி' என்று கேட்கும் இடமெல்லாம் 2024 மாசித் தேதிதான். தாலி கட்டின தேதி ஐஎம்எம் 5532இல், உறவு எப்படி வளர்ந்தது என்று கேட்கும் பகுதியில் வரவேண்டும். எழுத்து இன்ன நாள், சமயச் சடங்கு இன்ன நாள், இடைவெளி ஏன் என்று மூன்றையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். எங்கள் ஆட்களுக்கு எழுத்து வேறு, கலியாணம் வேறு. கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை. கலியாணம் கட்டி 18 மாதம் தனித்தனியே இருந்த தம்பதி என்றுதான் அவருக்குப் படும்.

அதைவிடப் பெரிய ஆபத்து வரிக் கோப்பில் இருக்கிறது. தாலி கட்டும்வரை 'சிங்கிள்' என்று நினைத்து 2024 வரியை அப்படியே தாக்கல் செய்தவர்கள் நிறையப் பேர். ஸ்பொன்சர் கோப்பில் சிஆர்ஏ (கனடா வரித் துறை) தரும் வரி மதிப்பீட்டு விவரத்தை வைக்க வேண்டும், அதில் திருமண நிலை பளிச்சென்று தெரியும். ஒரே ஆள் ஒரு அரசுத் துறைக்கு மாசியில் கலியாணம் என்றும் இன்னொன்றுக்கு சிங்கிள் என்றும் சொன்னால் எதை நம்புவார்கள்? நிலை மாறினால் அடுத்த மாத முடிவுக்குள் சிஆர்ஏக்கு அறிவிக்க வேண்டும் என்பதே விதி. தவறவிட்டிருந்தால் சிஆர்ஏ இணையக் கணக்கிலோ ஆர்சி65 படிவத்திலோ முதலில் திருத்துங்கள், பிறகு ஸ்பொன்சரைப் போடுங்கள்.

இன்னொன்றும் பாருங்கள். நீங்களே பிஆர் (நிரந்தரவதிவாளர்) ஆகிக் கனடாவில் இறங்கிய நாள் எழுத்துக்குப் பிறகா? அப்போது மனைவியைக் காட்டாமல் 'தனியாள்' என்று இறங்கியிருந்தால் குடிவரவு ஒழுங்குவிதிகளின் 117(9)(டி) விதி குறுக்கே வரும்: இறங்கும்போது மறைத்த, பரிசோதிக்கப்படாத குடும்பத்தவரைப் பிறகு குடும்பப் பிரிவில் ஸ்பொன்சர் செய்ய முடியாது. அப்படி என்றால் மேலே ஒரு படிவமும் நிரப்பாமல் நல்ல வழக்கறிஞரைப் பாருங்கள்.

பணத்தைப் பற்றி உங்களுக்குச் சொன்னவர் பெற்றோர் ஸ்பொன்சருடன் குழப்பிவிட்டார். கணவன் அல்லது மனைவிக்குக் குறைந்தபட்ச வருமான அளவு இல்லை, வங்கியில் இவ்வளவு இருக்க வேண்டும் என்றும் இல்லை. கூட வரும் பிள்ளைக்கே ஒரு பிள்ளை இருந்தால்தான் வருமானக் கணக்கு கேட்பார்கள். ஆனால் நீங்கள் வெல்பெயர் (அரசு தரும் சமூக உதவிப்பணம்) எடுத்தால் தகுதி இல்லை. ஊனமுற்றோர் உதவியும் ஈஐயும் (வேலையிழப்புக் காப்புறுதி) அந்தக் கணக்கில் வராது. திவாலாகி இன்னும் விடுவிக்கப்படாதவரும் ஸ்பொன்சர் செய்ய முடியாது. மனைவி பிஆர் ஆன நாளிலிருந்து 3 வருடம் உங்கள் பொறுப்பு. அதற்குள் அவர் வெல்பெயர் எடுத்தால் அந்தக் காசை உங்களிடம்தான் திருப்பிக் கேட்பார்கள், விவாகரத்து ஆகியிருந்தாலும்.

ஏடும்எழுத்தும்:
வடலி சொன்னதோடு ஆவணப் பக்கம். கோப்பு தாமதமாவதற்குப் பெரும்பாலும் காரணம் ஐஎம்எம் 5669 என்ற பின்னணி விவரப் படிவம். கடந்த 10 வருடம், அல்லது 18 வயதிலிருந்து, எது குறைவோ அந்தக் காலத்தில் என்ன செய்தார் என்று மாத வாரியாக எழுத வேண்டும். பரீட்சை முடிந்து வீட்டில் இருந்த நான்கு மாதத்தை யாரும் எழுதுவதில்லை. வேலை இல்லாமல் வீட்டில் இருந்தால் 'வேலை இல்லை' என்று எழுதுங்கள், இடைவெளி மட்டும் விடாதீர்கள்.

18 வயதுக்குப் பிறகு, கடந்த 10 வருடத்துக்குள் தொடர்ந்து 6 மாதம் இருந்த ஒவ்வொரு நாட்டுக்கும் பொலிஸ் சான்றிதழ் வேண்டும். இலங்கைச் சான்றிதழ், இப்போது வசிக்கும் நாடு என்பதால், விண்ணப்பத்துக்கு முந்தைய 6 மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். இந்தியச் சான்றிதழுக்கு அந்தக் கெடு இல்லை, கடைசியாக அங்கே வசித்ததற்குப் பிறகு எடுத்திருந்தால் போதும். ஆகவே தாமதமாகக்கூடிய இந்தியச் சான்றிதழுக்கு முதலில் விண்ணப்பியுங்கள், இலங்கைச் சான்றிதழைக் கடைசியில் எடுங்கள். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். இந்தியாவிலிருந்து வந்து சேர்வதற்குள் இலங்கையின் கெடு முடிந்துவிடுகிறது.

சிங்களத்திலோ தமிழிலோ உள்ள திருமண, பிறப்புச் சான்றிதழ்களை மொழிபெயர்க்க வேண்டும். இலங்கையில் செய்தால் மொழிபெயர்ப்பாளரின் சத்தியக்கடதாசியும், மூல ஆவணத்தின் உறுதிப்படுத்திய நகலும் சேர வேண்டும். உங்கள் தம்பிக்கு ஆங்கிலம் நன்றாக வந்தாலும் அவர் செய்யக்கூடாது, குடும்பத்தவர் மொழிபெயர்ப்பை ஏற்கமாட்டார்கள்.

படங்கள் அதிகபட்சம் 20, குறுஞ்செய்தி முதலிய தொடர்பாடல் 10 பக்கம். 20 படத்தையும் தாலி கட்டு அல்பத்தில் இருந்து எடுக்காதீர்கள். எழுத்து நடந்த நாள், இடையில் நீங்கள் போய்வந்த நாள்கள், இரு வீட்டுப் பெரியவர்களும் இருக்கும் படங்கள் என்று காலத்தைப் பரப்புங்கள். படத்தின் கீழே தேதி, இடம், நிற்பவர் என்ன உறவு என்று ஒரு வரி. வாட்சப்பில் ஒரே வாரத்து 10 பக்கத்தை வைப்பதைவிட மாதத்துக்கு ஒரு துண்டு நல்லது.

பேச்சுக்கலியாணம் என்பதால் 'காதல் கதை' எழுத முயல வேண்டாம். சம்பந்தம் யார் கொண்டுவந்தது, சாதகம் எப்போது பார்த்தது, முதலில் எப்போது பேசினீர்கள், யார் முன்னிலையில் சம்மதம் ஆனது. நடந்தது நடந்தபடி போதும். ஏஜென்சிக்காரர் எழுதித் தரும் கதைகள் ஒன்றையொன்று அச்சடித்தது போல இருக்கும்.

ஸ்காபரோப்பொடியன்:
பெரிய நன்றி. வரிக்கோப்பில 'சிங்கிள்' எண்டுதான் கிடக்குது, நாளைக்கே மாத்துறன். அவாவின்ர பாஸ்போட்டில குடும்பப்பெயர் இல்லை, ஒரு பெயர்தான். அதை எப்பிடிப் போடுறது? விசிற் விசயத்தையும் ஒருக்காச் சொல்லுங்கோ.

வடலி:
பாஸ்போட்டில் குடும்பப்பெயர் கட்டம் வெறுமையாக இருந்தால், இருக்கும் பெயரைக் குடும்பப்பெயர் கட்டத்தில் போட்டு முதற்பெயர் (கிவின் நேம்) கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுங்கள். அப்பாவின் பெயரையோ உங்கள் பெயரையோ கொண்டுவந்து ஒட்டாதீர்கள். பொலிஸ் சான்றிதழில் வேறு வரிசையில் வந்தால் 'வேறு பெயர்கள்' என்ற இடத்தில் அதையும் எழுதுங்கள்.

மேப்பிள்_இலை:
விசிற் பற்றி. இரண்டு பிரிவு உண்டு: மனைவி வெளிநாட்டில் இருந்து போடும் குடும்பப் பிரிவு, இருவரும் கனடாவில் சேர்ந்து வாழ்ந்தபடி போடும் உள்நாட்டுப் பிரிவு. பலர் கவனிக்காத வித்தியாசம் மேல்முறையீடு. குடும்பப் பிரிவில் மறுத்தால் ஸ்பொன்சர் 30 நாளுக்குள் குடிவரவு மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம், புதிய சாட்சியும் வைக்கலாம். உள்நாட்டுப் பிரிவில் அந்த உரிமை இல்லை, பெடரல் கோர்ட்டில் மறுபரிசீலனைக்கு அனுமதி கேட்பது மட்டும்தான். அதோடு, இடையில் அவசரத்துக்கு ஊர் போய்த் திரும்பி வரமுடியாமல் போனால் உள்நாட்டுக் கோப்பு கவிழ்ந்துவிடும்.

குடும்பப் பிரிவில் கோப்பைப் போட்டுவிட்டு மனைவி விசிற்றர் விசாவில் வந்து உங்களோடு இருப்பதற்குத் தடை இல்லை. விசா விண்ணப்பத்தில் பிஆர் கோப்பு ஓடுவதை மறைக்காதீர்கள். நிரந்தரமாக வர விரும்புவதும் தற்காலிகமாக வந்து திரும்பத் தயாராக இருப்பதும் ஒன்றாக இருக்கலாம் என்று குடிவரவுச் சட்டத்திலேயே, 22(2)இல், இருக்கிறது. கோப்புக் கிடைத்தது என்ற கடிதம் வந்து, அவர் இங்கே செல்லுபடியான நிலையில் இருந்தால் திறந்த வேலை அனுமதிக்கும் (எந்த முதலாளியிடமும் வேலை செய்ய விடுவது) கேட்கலாம். 2023 மே மாதத்திலிருந்து இது குடும்பப் பிரிவுக்கும் பொருந்துகிறது.

கட்டணம்: 2024 ஏப்ரல் 30 உயர்வின்படி ஸ்பொன்சர் 85, பரிசீலனை 545, நிரந்தரவதிவிட உரிமை 575, மொத்தம் 1,205 டொலர். கைரேகைக்கு இன்னும் 85. இரண்டு வருடத்துக்கொருமுறை கூட்டுகிறார்கள், கட்டும் அன்று தொகையைச் சரிபாருங்கள். மெடிக்கலைக் குடிவரவுத் துறை கடிதம் அனுப்பிய பிறகு, அவர்கள் பட்டியலில் உள்ள மருத்துவரிடமே செய்ய வேண்டும்.

யாரோ ஒருவர் கட்டாயம் கிளப்புவார் என்பதால்: வந்து 2 வருடம் சேர்ந்து வாழாவிட்டால் பிஆர் போய்விடும் என்ற நிபந்தனை 2017 ஏப்ரலில் எடுபட்டுவிட்டது. இப்போது உள்ளது வேறு, ஸ்பொன்சரில் வந்தவர் பிஆர் ஆன நாளிலிருந்து 5 வருடத்துக்கு இன்னொரு துணையை ஸ்பொன்சர் செய்ய முடியாது.

ஏடும்எழுத்தும்:
ஒன்று விட்டுப்போனது. எழுத்து நடந்த அன்று நீங்கள் யாழ்ப்பாணத்தில் பதிவாளர் முன் நேரில் இருந்தீர்கள்தானே? சூமில் இருந்து நடந்தது, பதிலாள் கையெழுத்து வைத்தது போன்ற திருமணங்களை 2015 முதல் குடிவரவுக்கு ஏற்பதில்லை. நேரில் இருந்ததற்குப் பாஸ்போட் முத்திரைப் பக்கத்தைச் சேர்த்துவிடுங்கள்.

ஸ்பொன்சர் நிரப்பும் ஐஎம்எம் 1344 படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது: உங்களுக்கு ஸ்பொன்சர் செய்யத் தகுதி இல்லை என்று கண்டால் கோப்பைத் திரும்பப் பெறவா, தொடரவா என்று. திரும்பப் பெறுவதைக் குறித்தால் ஸ்பொன்சர் கட்டணம் 85 போக மற்றக் கட்டணம் திரும்பி வரும், மேல்முறையீடு வராது. தொடர்வதைக் குறித்தால் பரிசீலனைக் கட்டணம் போகும், மேல்முறையீட்டு உரிமை இருக்கும். யோசித்துக் குறியுங்கள், நிறையப் பேர் வாசிக்காமலே ஒன்றைத் தட்டிவிடுகிறார்கள்.