வட கனடாச் சிறுநகரில் மகனின் காருக்குக் காப்பீடு: எதை விடலாம், எதை விடக் கூடாது?

தேவகோட்டை வாசகர்:
பெரியோர்களுக்கு வணக்கம். என் மகன் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், அலாஸ்கா நெடுஞ்சாலையில் உள்ள ஃபோர்ட் செயின்ட் ஜான் என்ற சிறுநகரில் வேலைக்குச் சேர்ந்து, பழைய கார் ஒன்றை விலை பேசியிருக்கிறான். காப்பீட்டுக்கு அங்கே கேட்கும் தொகை நான் இங்கே கட்டுவதைப்போலப் பல மடங்கு. கட்டாயக் காப்பீடு மட்டும் போதுமா? இழப்பீடு கோராமல் நான் சேர்த்துள்ள 50 சதவீத நோ கிளெய்ம் போனஸை அவனுக்கு மாற்ற வழி உண்டா?

காரைக்குடி, ஓய்வுபெற்ற காப்பீட்டு அலுவலர்:
ஐயா, போனஸ் உங்களைச் சேர்ந்தது. அங்கே அது செல்லாது. மற்றதை விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் என் மகள் குடும்பம் அதே மாகாணத்தில் பிரின்ஸ் ஜார்ஜில் இருக்கிறது.

அங்கே அடிப்படைக் காப்பீட்டை 1973 முதல் இயங்கும் ஐ.சி.பி.சி. என்ற மாகாண அரசு நிறுவனம் மட்டுமே தருகிறது. ஆகவே அதில் விலை ஒப்பிட இடமில்லை. 2021 மே 1 முதல் நடைமுறையில் உள்ள முறைப்படி, தவறு யார்மேல் இருந்தாலும் காயமடைந்தவரின் சிகிச்சைச் செலவையும் வருமான இழப்பையும் அந்த அடிப்படைக் காப்பீடே ஏற்கிறது. மற்றொருவர் தவறால் நம் கார் சேதமானால் அதற்கும் பணம் உண்டு. ஆனால் பனியில் சறுக்கி நம் காரே பள்ளத்தில் இறங்கினால் அதில் ஒரு காசும் வராது. அதற்கு 'கொலிஷன்' என்னும் விருப்பக் காப்பீடு வேண்டும்.

வடக்கே பெரிய ஆபத்து வேறு. இருட்டில் சாலையைக் கடக்கும் மூஸ் என்ற பெரிய மான்மீது மோதினாலும், லாரிச் சக்கரம் தெறிக்கவிடும் சரளைக்கல்லால் முன்கண்ணாடி உடைந்தாலும், பணம் தருவது 'காம்ப்ரிஹென்ஸிவ்'. நம் ஊரில் அந்தப் பெயரைச் சொன்னால் எல்லாச் சேதமும் அடங்கிவிடும். அங்கே கொலிஷன் தனி, இது தனி. மானைத் தவிர்க்க ஸ்டீயரிங்கைத் திருப்பி மரத்தில் மோதினால் அது கொலிஷன் கணக்கில் போகும். எனவே கார் மிகப் பழையதாகி மதிப்பு குறைந்திருந்தால் கொலிஷனை விடலாம், காம்ப்ரிஹென்ஸிவை விடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. விருப்பக் காப்பீடுகளைத் தனியார் நிறுவனங்களும் விற்கின்றன; அங்கே விலை கேட்டுப் பார்க்கட்டும்.

மூன்றாம் நபர் பொறுப்பு, அதாவது நம்மால் பிறருக்கு நேரும் இழப்புக்கான உச்சத்தொகை, அடிப்படைக் காப்பீட்டில் 2 லட்சம் டாலர்தான். உங்கள் மகன் இருக்கும் ஊருக்குப் பக்கத்து மாகாணமான அல்பர்ட்டாவின் எல்லை அருகில். எல்லை தாண்டிய விபத்துக்கு அந்த இடத்துச் சட்டம் பொருந்தும் என்பதால், அத்தொகையை உயர்த்திக்கொள்வது அவசியம்.

பள்ளத்தூர் வாசகர்:
அண்ணன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நான் அம்மாகாணத்தில் வேலை பார்த்துத் திரும்பியவன். கட்டணத்தைக் குறைக்கும் கருவி உங்கள் மகனின் ஓட்டுநர் அனுபவச் சான்றுதான். புதிய லைசென்ஸ் அட்டையை மட்டும் காட்டினால் அனுபவமில்லாதவர் என்றே கணக்கிடக்கூடும். ஆகவே முதன்முதலில் லைசென்ஸ் பெற்ற தேதி தெரியும்படி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எக்ஸ்ட்ராக்ட் என்னும் லைசென்ஸ் விவரச் சான்றை வாங்கி இப்போதே அனுப்புங்கள். குடியேறிய 90 நாட்களுக்குள் அங்குள்ள லைசென்ஸுக்கு மாற வேண்டும். இந்திய லைசென்ஸ் நேரடியாக மாறாது, எழுத்துத் தேர்வும் சாலைத் தேர்வும் உண்டு. காரை உணவு விநியோகத்துக்கு ஓட்டுவதானால் அதைக் காப்பீட்டுத் தரகரிடம் முன்கூட்டியே சொல்லி அதற்குரிய வகையில் பதிவு செய்ய வேண்டும்.

தேவகோட்டை வாசகர்:
இருவருக்கும் மிக்க நன்றி. எக்ஸ்ட்ராக்டுக்கு நாளையே விண்ணப்பிக்கிறேன். அறையில் உடனிருக்கும் நண்பரும் அவ்வப்போது காரை ஓட்டுவாராம். அதனால் கட்டணம் ஏறுமா?

பள்ளத்தூர் வாசகர்:
ஏறலாம். அடிப்படைக் கட்டணத்தில் 75 சதவீதம் முதன்மை ஓட்டுநரையும், 25 சதவீதம் அந்தக் காரை ஓட்டுவோராகப் பெயர் பதிந்த மற்றவர்களில் விபத்து வாய்ப்பு மிகுந்தவரையும் வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஆனாலும் நண்பர் பெயரை மறைக்க வேண்டாம். பதிவு செய்யாதவர் ஓட்டி, அவர் தவறால் விபத்து நேர்ந்தால் தனியாக ஒரு தொகை கட்ட நேரிடலாம். அக்டோபர் 1 முதல் வடக்கு நெடுஞ்சாலைகளில் குளிர்கால டயர் கட்டாயம் என்பதையும் தம்பியிடம் சொல்லிவிடுங்கள். அந்தச் செலவையும் காரின் விலையோடு சேர்த்தே பேசட்டும்.