‘லாக்கப்’ நூல் யாரிடமாவது இருக்கிறதா?

டர்பன், சாட்ஸ்வொர்த் பக்கம் இருக்கும் அண்ணன்மார், அக்காமார் அனைவருக்கும் வணக்கம்.

மு. சந்திரகுமாரின் ‘லாக்கப்’ நூலையும், அதிலிருந்து வெற்றிமாறன் எடுத்த ‘விசாரணை’ படத்தையும் ஒப்பிட்டுப் பேசும் பொறுப்பு, எங்கள் வாசிப்பு வட்டத்தில் என் தலையில் விழுந்திருக்கிறது. படத்தை மூன்று முறை பார்த்துவிட்டேன். நூலை இரவல் வாங்கி ஒருமுறை அவசரமாகப் படித்ததோடு சரி. கொடுத்தவர் கையோடு திரும்ப வாங்கிக்கொண்டார்.

என்னை உறுத்துவது முடிவுதான். கோவை ஆட்டோ ஓட்டுநரான சந்திரகுமார், ஆந்திராவின் குண்டூர் காவல் நிலையத்தில் தான் பட்ட சித்திரவதையை எழுதினார். எழுதியவர் உயிரோடு மீண்டார் என்பது முதல் பக்கத்திலேயே நமக்குத் தெரியும். படமோ குண்டூரோடு நிற்கவில்லை. போலீஸ் காவலில் சாகும் ஓர் ஆடிட்டரின் கதையைச் சேர்த்து, கடைசியில் நாயகன் பாண்டியைக் கொன்றே விடுகிறது. இது நூலுக்குச் செய்த துரோகமா? இல்லை என்றே எனக்குப் படுகிறது. ஆனால் வட்டத்தில் என்னை விடமாட்டார்கள்!

எங்கள் பெரியவர்களுக்குக் காவல் நிலையச் சாவு தூரத்துக் கதையும் அல்ல. 1971இல் ஜொஹானஸ்பர்க்கில் காவலில் இருந்த நிறவெறி எதிர்ப்புப் போராளி அகமது திமோல் மாடியிலிருந்து தானே குதித்தார் என்று போலீஸ் சொன்னது. அது பொய் என்று நீதிமன்றம் சொல்ல 2017 ஆயிற்று.

தமிழ்ப் பிரதி வைத்திருப்பவர்கள் இரண்டு வாரம் இரவல் தர முடியுமா? நானே வந்து வாங்கிக்கொள்கிறேன், அட்டை போட்டுத் திருப்பித் தருகிறேன். நூலைப் படித்தவர்கள் இன்னொன்றும் சொல்லுங்கள்: தமிழ் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாத எங்கள் பிள்ளைகளுக்கு உரக்க வாசித்துக் காட்ட எந்தப் பகுதி பொருந்தும்?