அண்ணத்தில் சதை எடுத்து ஈறு ஒட்டப் போகிறவர்களுக்கு, என் அனுபவம்

கீழ் முன்பல்லில் ஈறு இறங்கி வேர் தெரிகிறது, அண்ணத்திலிருந்து சதை எடுத்து ஒட்டச் சொல்கிறார்கள், போகலாமா என்று குடியாத்தம் நண்பர் கேட்டிருந்தார். எனக்கும் அதேதான், காட்பாடியிலிருந்து போய் ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் செய்துகொண்டேன். போகலாம். ஆனால் ஒட்டுகிற இடத்தைப் பற்றி விசாரிப்பதைவிட எடுக்கிற இடத்தைப் பற்றி நன்றாக விசாரியுங்கள், ஏனென்றால் ஈறு சீக்கிரம் அடங்கிவிட்டது, அண்ணம்தான் படுத்தியது.

கோரைப்பல்லுக்கும் முதல் கடைவாய்ப்பல்லுக்கும் இடைப்பட்ட அண்ணத்தில்தான் பொதுவாக எடுப்பார்கள். அதற்கு மேலே பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. அண்ணம் தட்டையாக இருந்தால் பல் கழுத்திலிருந்து சுமார் 7 மில்லிமீட்டரிலேயே அது வந்துவிடும், நல்ல உயரமான அண்ணத்தில் 17 வரை தள்ளி இருக்கும் என்றார் டாக்டர், அதனால்தான் முதலில் அளந்து பார்த்தார். மேல்தோலோடு சீவி எடுத்தால் அந்த இடம் திறந்த புண்ணாகவே இருந்து தானாக மூட 2 முதல் 4 வாரம் ஆகும். உள்சதையை மட்டும் உருவிவிட்டு மேலே தையல் போடும் முறையும் உண்டு, அதில் வலி குறைவு, ஆனால் எல்லாப் பல்லுக்கும் அது ஒத்துவராது. எனக்குச் சீவித்தான் எடுத்தார்கள்.

அங்கே ஒரு ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. நம் ரத்தத்தையே எடுத்து மெஷினில் சுழற்றினால் ஜவ்வு மாதிரி ஒன்று திரளும், பிஆர்எஃப் என்பார்கள், 2001-இல் பிரான்ஸ் டாக்டர்கள் எழுதியது. அதை அண்ணத்துப் புண் மேல் வைத்தால் சீக்கிரம் ஆறுமா, வலி குறையுமா என்று பார்க்கிறார்கள். எல்லோரிடமும் ரத்தம் எடுத்தார்கள், ஆனால் யாருக்கு ஜவ்வு, யாருக்கு வெறும் பஞ்சு என்பது குலுக்கல். எது வைத்தார்கள் என்று எனக்கும் சொல்லவில்லை, புண்ணைப் பார்க்க வந்த டாக்டருக்கும் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் வலிக்கு 0 முதல் 10 வரை மார்க் போடும்போது மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடுமே, இது எனக்கு ரொம்ப நியாயமாகப் பட்டது. அப்புறம் ஒவ்வொரு தடவையும் புண்ணில் ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டுப் பார்ப்பார்கள், நுரைத்தால் தோல் இன்னும் மூடவில்லை, நுரைக்காவிட்டால் மூடிவிட்டது. இவ்வளவு எளிய சோதனை!

இப்படி ஆராய்ச்சியில் சேரச் சொன்னால் ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்கிப் படியுங்கள். பாதியில் விலகினாலும் சிகிச்சையை நிறுத்தக்கூடாது என்பது அதில் இருக்க வேண்டும், இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள். சிகரெட் பழக்கம் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஒட்டு பிடிப்பதையே அது கெடுக்கும்.

சாப்பாடு? ஆறின கேழ்வரகுக் கூழும் மோரும்தான் என்னைக் காப்பாற்றின. ஆம்பூர் பிரியாணி ஒரு மாதம் காத்திருக்கட்டும். அண்ணத்தை மூடுகிற பிளாஸ்டிக் தட்டு செய்து தருவார்களா என்று கட்டாயம் கேளுங்கள், அது இருந்தால் சாப்பாடு புண்ணில் படாது. வீட்டுக்கு வந்தபின் ரத்தம் கசிந்தால் ஈரமான காஸ் துணியை விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும், அப்படியும் நிற்கவில்லை என்றால் ராத்திரியில் யாரைக் கூப்பிடுவது என்று நம்பர் வாங்கிக்கொண்டே கிளம்புங்கள்.